பட்டியலில் அடுக்களை

மார்ச் 4, செவ்வாய்

இன்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. குற்றம் என் மேல் இல்லை. சில்லு அடுக்களை மேல்தட்டிலிருந்து மாவு டப்பாவை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் சோப்பு டப்பா அளவு ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள். அதை வேடிக்கை பார்த்ததில் பாலை மறந்துவிட்டேன்.

சில்லு என் பேத்தி, மகள் வயிற்றுப் பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக். நான் மட்டும் படிக்கிற டைரியில் இதை எதற்கு எழுதுகிறேன்? பெருமைக்குத்தான். பிறந்தபோது இத்தனூண்டு இருந்தாள், அதனால் சில்லு. இப்போது பதினோராவது மாடியில் லிஃப்டின் தலையில் நின்று ஸ்பானர் பிடிக்கிறாள்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இனிமேல் எங்கள் சர்வராம். என் அண்ணனும் சில்லுவும் ரேடியோவில் சந்தித்துக்கொள்ள ஒரு தனி அறை மாதிரி. இத்தனை நாளாகப் பொது அறையில் பேசினார்கள். நடுவில் முன்பின் தெரியாத யாராவது புகுந்து, உங்கள் ஏரியல் எத்தனை அடி உயரம் என்று கேட்பார்கள். அண்ணனுக்கு எரிச்சல். "நான் என் பேத்தியோட பேச வந்தா ஊரே வந்து உட்காருது" என்றார்.

"அறைக்கு என்ன பேர் வைக்கலாம் பாட்டி?"

"அடுக்களையில இருக்கு. அடுக்களைனே வை."

சிரித்தாள். ஆனால் அதையேதான் வைத்தாள்.

மார்ச் 5, புதன்

அண்ணனுக்கு எண்பத்தொன்று. கப்பலில் நாற்பது வருஷம் ஒயர்லெஸ் ஆபீசர். சில்லுவுக்குக் கப்பல் தாத்தா. அண்ணி போன பிறகு நாலு மணி நேர பஸ் தூரத்தில் தனியாக இருக்கிறார். இங்கே வாருங்கள் என்றால் வரமாட்டார். போன் அடித்தால் எடுக்கமாட்டார். "எடுத்தா சாப்பிட்டியா, தூங்கினியா, மாத்திரை போட்டியா. நான் என்ன வார்டுல படுத்திருக்கேனா?" என்பார். ஆனால் ரேடியோவில் ஒரு நேரம் குறித்துவிட்டால் அது அவருக்கு டியூட்டி. காலை ஆறரை என்றால் ஆறு இருபத்தைந்துக்குக் காலர் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் சட்டை.

இதைக் கண்டுபிடித்தவள் சில்லு. அவரை விசாரிக்க முடியாது, ஆனால் டியூட்டிக்குக் கூப்பிடலாம். இதற்காகவே பரீட்சை எழுதி ரேடியோவில் பேச உரிமம் வாங்கினாள். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெட்டி வைத்தாள். ஹாட்ஸ்பாட் என்பாள், நான் பெட்டி என்பேன். கையிலிருக்கும் ரேடியோ அறைக்குள்ளேயே அந்தப் பெட்டியோடு பேசும். பெட்டி இன்டர்நெட் வழியாகப் போய் மற்றதைப் பிடிக்கும்.

எனக்கு உரிமம் இல்லை, அதனால் பொத்தானை அழுத்தக்கூடாது. கேட்கலாம். அது போதும்.

இன்று சாயங்காலம் புது அறையில் முதல் பேச்சு. அண்ணன் குரல் மேல்தட்டில் மாவு டப்பா இருந்த இடத்திலிருந்து வந்தது போலவே இருந்தது. "அடுக்களையில யாரு?" என்றார். அப்படியே கேட்டார்.

என் மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு போன் போட்டா முடியற வேலை. அதுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பெட்டி." அவள் அப்படித்தான். பின்னாலேயே வந்து நின்று முழுவதும் கேட்டாள்.

மார்ச் 6, வியாழன்

காலை ஆறரை. சில்லு கூப்பிட்டாள். பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டாள்.

அண்ணன் பெட்டிக்குள்ளே ஒரு பட்டியல் இருக்கிறதாம். உலகத்திலுள்ள அறைகளின் பெயர், விலாசம், கதவு எண், எல்லாம் அதில். ஆயிரத்துக்கு மேல். நேற்று சில்லு இங்கிருந்தே அதற்குள் போய் எங்கள் அடுக்களையையும் எழுதியிருந்தாள். இன்று அந்த வரி இல்லை. பெட்டிக்குப் போகும் இடம் தெரியவில்லை, சும்மா இருந்துவிட்டது. பாவம், அண்ணன் அங்கே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

சாயங்காலம் மறுபடி எழுதினாள். பேசினார்கள்.

மார்ச் 7, வெள்ளி

காலை இல்லை. சாயங்காலம் எழுதினாள், இருக்கு.

மார்ச் 8, சனி

இல்லை.

சில்லு எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டாள். அவள் ஆறே முக்காலுக்கு ஓட வேண்டும், அதனால் காலையில் பட்டியலை நான் பார்க்க வேண்டும். என் போனில் இரண்டு கட்டம் வைத்திருக்கிறாள். பச்சையைத் தொட்டால் எங்கள் பெட்டி, நீலத்தைத் தொட்டால் அண்ணன் பெட்டி. நீலத்துக்குள்ளே பேர் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வை என்றாள். ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியும், ஐந்தாம் வகுப்போடு நின்றபோது அதுவரை முடித்திருந்தேன். வார்த்தைதான் தெரியாது. "ஒன்பது எழுத்துதான் பாட்டி. முதல் எழுத்தே ஏ. மேலேயே வரும், தேட வேண்டாம்" என்றாள். எனக்காகத்தான் அந்தப் பேருக்குச் சம்மதித்தாளோ?

மார்ச் 9, ஞாயிறு

இல்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று வெட்கக்கேடு.

காலையில் சத்தம் இல்லை. சில்லு வேலைக்குப் போய்விட்டாள். நான் பட்டியலைப் பார்ப்பதற்குள் என் மகள் பயந்துவிட்டாள். அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டுத் தச்சருக்குப் போன் போட்டு, போய்ப் பாருங்கள் என்றாள். அவர் சுவரேறிக் குதித்துப் பின்கதவைத் தட்ட, அண்ணன் காபி டம்ளரும் கையுமாகக் கதவைத் திறந்திருக்கிறார்.

சாயங்காலம் ரேடியோவில் வந்தார். நான் இத்தனை வருஷத்தில் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "இன்னொரு தடவை ஆளனுப்பினா இந்தப் பெட்டிய கழட்டி அலமாரியில போட்டுடுவேன். நான் உயிரோட இருக்கேனானு எட்டிப் பார்க்க ஒரு ஆளா?" பிறகு சில்லுவிடம் மட்டும் தணிந்து, "உன் பட்டியல் ஓட்டையா இருக்கும்மா. ஓட்டைய அடை" என்றார்.

சில்லு சாப்பிட்ட தட்டைக் கழுவாமலே எழுந்து போனாள். அவள் அப்படிச் செய்கிற பெண் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இல்லை. யாரும் பயப்படவில்லை. மகள் காபி குடித்துக்கொண்டே, "பட்டியல் போயிருக்கும், விடும்மா" என்றாள்.

மார்ச் 12

இல்லை.

மார்ச் 13

இல்லை. சத்தம் வராததே பழகிவிட்டது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

இல்லை.

நேற்றும் இல்லை, எழுத மறந்தேன். சில்லு தினமும் வேலையிலிருந்து வந்து கை கழுவுகிற கையோடு அந்த வரியை எழுதுகிறாள். கிரீஸ் நகத்திலேயே இருக்கிறது. முணுமுணுப்பு கிடையாது. நானாக இருந்தால் பெட்டியை மாவில் போட்டுப் பிசைந்திருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

அதிசயம். அண்ணன் தெருவில் நேற்று சாயங்காலம் பள்ளம் தோண்டினவர்கள் இன்டர்நெட் கம்பியை வெட்டிவிட்டார்களாம், தச்சர் சொன்னார். காலையில் நீலக் கட்டம் திறக்கவே இல்லை. பதினொரு மணிக்குத் திறந்தது. பார்க்கிறேன், அடுக்களை அப்படியே இருக்கு. வெட்டுவதற்கு முன்னால் சில்லு எழுதினது. யாரும் தொடவில்லை.

நெட் இருந்தால் போய்விடுகிறது, நெட் இல்லாத நாளில் மட்டும் இருக்கிறதே. ஏன்? குறித்து வைக்கிறேன். சில்லு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

சொன்னேன். மென்றுகொண்டிருந்ததை விழுங்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாட்டி, அந்த டைரிய கொண்டாங்க."

கொடுக்க மனசில்லை. உள்ளே அவளைப் பற்றித்தானே எழுதியிருக்கிறேன். கட்டை விரலால் மற்றதை மறைத்துக்கொண்டு தேதியும் இல்லை இல்லை என்பதையும் மட்டும் வாசித்துக் காட்டினேன். ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரில் எதையெதையோ திறந்து ஒரு மணி நேரம் படித்தாள். ஆங்கிலம், பொடி எழுத்து. அந்தப் படிப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உதடு அசையாமல் படிக்கிறாள்.

"முட்டாள்தனம் பண்ணியிருக்கேன்" என்றாள். கோபமாக இல்லை, சந்தோஷமாக.

பெட்டி தினமும் விடிவதற்கு முன்னால் தலைமை இடத்திலிருந்து புதுப் பட்டியலை இறக்கிக்கொள்கிறதாம். இறக்கி, பழைய பட்டியல் மேல் அப்படியே போட்டுவிடும். தலைமைப் பட்டியலில் எங்கள் அடுக்களை ஏது? அவள் எழுதின வரி தினமும் அழிந்தது இதனால்தான். நெட் வெட்டிப்போன அன்று புதுசு இறங்கவில்லை, பழசு பிழைத்தது.

"அப்ப என்ன செய்யறது?"

"தலைமைப் பட்டியல்ல கை வைக்கவே கூடாது பாட்டி. நம்ம பேருக்குனு தனியா ஒரு சீட்டு வைக்கணும். அதுக்கு இடம் விட்டிருக்காங்க. புதுசு இறக்கினதும் பெட்டி அந்தச் சீட்ட எடுத்து அதோட சேர்த்துக்கும். நான்தான் படிக்காம விட்டுட்டேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்த இருபத்தாறு வருஷமும் வார்டு வாசலில் ஒரு கரும்பலகை. காலையில் வருகிற நர்ஸ் முதல் வேலையாக ஈரத்துணியால் முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவாள். ஒன்பதாம் கட்டில்காரருக்கு ஊசி ஒத்துக்காது என்று எவ்வளவு பெரிதாக எழுதினாலும் மறுநாள் இருக்காது. அதற்குத்தான் கட்டில் கம்பியிலேயே ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அட்டையை யாரும் துடைப்பதில்லை.

இதைச் சொன்னேன். "அதேதான்" என்றாள். "அட்டை கட்டியாச்சு பாட்டி, ரெண்டு பெட்டியிலயும்." எழுந்து தட்டைக் கழுவினாள்.

மார்ச் 18, செவ்வாய்

இருக்கு.

ஆறரைக்கு அண்ணன் வந்தார். காலையில் வந்தார். தெளிவான குரல், உப்புக்காற்றில் பழகின குரல். தன் கால் சைனை, அதாவது உரிமத்தோடு கொடுத்த ரேடியோப் பேரை, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், பிறகு சில்லுவுடையதை. "ஓட்டை அடைஞ்சுதா?" "அடைஞ்சுது தாத்தா." "நாளைக்குச் சொல்லு. ஒரு நாள்ல எந்தக் கப்பலும் கரை சேராது."

மார்ச் 19

இருக்கு.

மார்ச் 25, செவ்வாய்

இருக்கு. எட்டு நாளாக. சில்லு இன்று ஒன்று சொன்னாள், எழுதி வைக்கிறேன்: "இனிமே சத்தம் வரலைனா அது பட்டியலா இருக்காது பாட்டி. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

ஏப்ரல் 2, புதன்

இருக்கு.

பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது சில்லு வேலை செய்கிற கட்டிடம் வழியில் இருந்தது. கீழே லிஃப்ட் வாசலில் மஞ்சள் பலகை, பழுது பார்க்கிறோம் என்று. ஒருவர் டை கட்டிக்கொண்டு நின்று, இன்னும் எவ்வளவு நேரம் என்று குழிக்குள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். உள்ளேயிருந்து என் பேத்தி குரல்: "சார், நீங்க இதுல ஏறப் போறீங்கதானே? அப்ப நான் அவசரப்படக்கூடாது." அவர் மாடிப்படி ஏறிப் போனார்.

நான் இருப்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றே எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்கு சில்லு கூப்பிட்டாள். சத்தம் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி. இல்லை. எங்கேயோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார்கள் என்று அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. "நீலத்தைப் பாருங்க பாட்டி" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். ஓட வேண்டியதுதான், அதுவும் ஆள்தானே.

மகள் சொன்னாள், "பட்டியல் போயிருக்கும்மா. மறுபடி ஆரம்பிச்சுடுச்சு."

நீலத்தைத் தொட்டேன். திறந்தது. திறந்தால் அங்கே கரண்ட் இருக்கு, நெட் இருக்கு. ஒன்பது எழுத்தையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். இருக்கு. பக்கத்தில் இணைப்பு என்கிற இடமும் பச்சை. பெட்டி வந்து அடுக்களை வாசலில் நிற்கிறது. பேச ஆள் இல்லை.

"பட்டியல் இருக்குடி" என்றேன்.

"அப்ப தூங்கியிருப்பாரு. போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? பெட்டிய கழட்டிப் போட்டுட்டாருன்னா அப்புறம் ஒண்ணுமே இல்ல."

அதுதானே பயம். கழற்றிப் போட்டால் அவர் குரலே கிடையாது. நான் சும்மா பயந்து அனுப்பினேன் என்று ஆனால் சில்லு பட்ட பாடெல்லாம் வீண். உட்கார்ந்தேன். எழுந்தேன். நாற்பது வருஷம் டியூட்டி தவறாத மனுஷன் தூங்குவாரா? சில்லு என்ன சொன்னாள்? அது பட்டியலா இருக்காது என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் முடுக்கின கம்பியை நம்பி ஊரே மேலேயும் கீழேயும் போய் வருகிறது, நான் நம்பக்கூடாதா?

தச்சருக்குப் போன் போட்டேன். அவர் தயங்கினார். "அம்மா, போன தடவையே என்னை நாய விரட்டற மாதிரி விரட்டினாரு."

"இந்தத் தடவையும் விரட்டினா நான் வந்து உங்க கால்ல விழறேன். போங்க. கதவு திறக்கலைனா உடைங்க. நீங்க போட்ட கதவுதானே."

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். செருப்புச் சத்தம். தட்டுகிற சத்தம். ஐயா, ஐயா. பிறகு மரம் பிளக்கிற சத்தம்.

குளியலறை வாசலில் கிடந்திருக்கிறார். இடுப்பில் அடி. ஆறு மணிக்குக் குளித்துவிட்டுச் சட்டை எடுக்க வந்தபோது வழுக்கியிருக்கிறது. நினைவு இருந்தது. தச்சரைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "மணி என்ன?"

ஏழு பத்து என்று சொன்னாராம்.

"லேட்டாயிடுச்சு" என்றாராம்.

ஏப்ரல் 26, சனி

ஆபரேஷன் முடிந்தது. இரத்தத்தை மெலிதாக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவராம், உள்ளே கசிந்திருக்கிறது. சாயங்காலம் வரை கிடந்திருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் என் மகளிடம் சொன்னார். மகள் வராந்தாவில் நின்று அழுதாள். பிறகு என்னிடம், "அம்மா, நான் விடுன்னு சொன்னேனே" என்றாள். அதற்கு நான் என்ன சொல்வது? காபி வாங்கிக் கொடுத்தேன்.

மே 18, ஞாயிறு

அண்ணன் எங்கள் கூடத்தில் இருக்கிறார். அவர் கட்டில், அவர் ரேடியோ. நடக்கக் கற்றுக் கொடுக்க ஒரு பெண் வருகிறாள், அவளுக்கு அவரைக் கண்டால் பயம். காலை ஆறரைக்குக் கூடத்திலிருந்து அவர் கூப்பிடுகிறார், அடுக்களையிலிருந்து சில்லு பதில் சொல்கிறாள். நடுவில் ஒரு சுவர். மகள் தலையில் அடித்துக்கொண்டாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

இன்று சில்லுவைக் கூப்பிட்டு, "உன் சீட்ட வாசி" என்றார். கண் மங்கல் அவருக்கு. வாசித்தாள். ஒரே வரி. பேர், விலாசம், கதவு எண்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தாத்தா."

"நாப்பது வருஷத்துல என் கூடக் கப்பல்ல முறை மாத்தி வாட்ச் டியூட்டி பார்த்தவங்கள்ல ரெண்டு பேரை நம்பித்தான் நான் தூங்கியிருக்கேன். நீ மூணாவது."

சில்லு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். அங்கே துணியே இல்லை. காலையிலேயே நான் எடுத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணனைக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டு வந்தோம். இருங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "என் வீட்டுக் கதவு புதுசு, அத நான் பார்க்க வேண்டாமா?" என்றார். தச்சர் நல்ல மரத்தில் போட்டிருக்கிறார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தது சில்லு. நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. தச்சரிடம் ஒரு சாவி இருக்கட்டும் என்று அண்ணனே கொடுத்தார். யாரும் கேட்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆறு இருபத்தைந்துக்கே பார்த்துவிட்டேன். இருக்கு.

ஆறரைக்கு வந்தார். கால் சைன், வானிலை, தோட்டத்தில் பூனை குட்டி போட்டது, எல்லாம் சொன்னார். முடிக்கிற நேரத்தில், "உன் பாட்டி பக்கத்துல இருக்காளா?" என்றார்.

"இருக்காங்க தாத்தா. கேட்டுட்டுதான் இருக்காங்க."

"பேர் இருக்கானு பார்த்தாளா?"

சில்லு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"பார்த்துட்டாங்க."

"சரி," என்றார், "நாளைக்கும் பார்க்கச் சொல்லு."